மேடையிலிருந்து கேமராவுக்கு: நாடகக்காரர்கள் கேட்கும் கேள்விகளும் எனக்குத் தெரிந்த பதில்களும்

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சென்னையில் 14 வருடம் மேடை, அதில் பாதி சபா நாடகம், பாதி நவீன நாடகம். அதற்கப்புறம் 6 வருடமாக சினிமா, சீரியல், வெப் சீரிஸ் என்று கிடைத்ததில் நடிக்கிறேன். இன்ஸ்பெக்டர், வக்கீல், தாய்மாமன், கதாநாயகியின் அப்பாவுக்கு நண்பர், இந்த ரகம். போஸ்டரில் என் முகம் வந்ததில்லை. ஆனாலும் நாடகக் குழுக்களிலிருந்து "அண்ணே, ஒரு ஆடிஷன் வந்திருக்கு, என்ன பண்ணணும்?" என்று மாதத்துக்கு நாலு பேராவது கேட்டுவிடுகிறார்கள். ஆளுக்கொரு வாய்ஸ் நோட் போட்டுப் போட்டு தொண்டை வறண்டுவிட்டது, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

எல்லாரும் "நாடகத்தனமா இருக்கு, குறைச்சுக்கோங்க" என்கிறார்கள். எவ்வளவு குறைக்க வேண்டும்?

குறைக்கவே வேண்டாம். என் முதல் படத்தில் உதவி இயக்குநர் ஒருவர் காதருகே வந்து "சார், பாதியா குறைங்க" என்றார், குறைத்தேன். "இன்னும் பாதி" என்றார், அதையும் குறைத்தேன். கடைசியில் ரேஷன் கடை வரிசையில் நிற்பவன் மாதிரி முகத்தில் ஒன்றுமே இல்லாமல் போய், "என்ன சார், உயிரே இல்லையே" என்றார். பாவம், அவர் மேல் தப்பில்லை. பார்க்கும்போது ஏதோ உறுத்துகிறது, எது உறுத்துகிறது என்று பிரித்துச் சொல்ல அவருக்கு வரவில்லை.

உறுத்துவது தூரம் என்று எனக்குப் புரியவே இரண்டு வருடம் ஆனது. மேடையில் எதிரில் நிற்பவரிடம் பேசுவதுபோல் காட்டிக்கொண்டு கடைசி வரிசையில் இருப்பவருக்குப் பேசுகிறோம். குரல் மட்டும் அப்படிப் போவதில்லை, புருவம், கை, தோள், திரும்புகிற வேகம் எல்லாமே அறுபதடி தள்ளி இருப்பவருக்குப் போய்ச் சேருகிற மாதிரி பழகியிருக்கிறது. கேமரா முன்னால் உங்கள் தம்பியாக நடிப்பவர் இரண்டடி தள்ளி நிற்கிறார் என்றால் உங்கள் பேச்சு அந்த இரண்டடியைத் தாண்ட வேண்டியதில்லை. அதே தம்பி வயலுக்கு அந்தப் பக்கம் நின்றால் தொண்டை கிழியக் கத்துங்கள், யாரும் நாடகத்தனம் என்று சொல்ல மாட்டார்கள். கோபம் அதே கோபமாக இருக்கட்டும், போய்ச் சேரும் தூரத்தை மட்டும் மாற்றுங்கள்.

இதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. சிவாஜி 1952-ல் 'பராசக்தி'யில் மேடையிலிருந்து நேராக வந்தவர், அந்த நீதிமன்றக் காட்சியில் குரல் எந்த உயரத்தில் நிற்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த ஆள் கூண்டில் நின்று ஒரு கூடம் முழுக்க நிறைந்த ஜனங்களிடம் பேசுகிறான். கோர்ட்டே ஒரு மேடைதானே, அங்கே அந்த அளவு பொருந்திப் போகிறது. எம்.ஆர். ராதாவைப் பாருங்கள். 'ரத்தக்கண்ணீர்' நாடகத்தை வருடக்கணக்கில் ஆடிவிட்டு 1954-ல் படத்துக்கு வந்தார், அந்தக் குரலில் ஒரு நூல் குறைந்திருக்கிறதா? அந்தப் பாத்திரமே ஊருக்கு முன்னால் தன்னைக் காட்டிக்கொள்கிறவன், அதனால் எழுபது வருடம் கழித்தும் அது உறுத்தவில்லை. ஆகவே பெரிதாக நடிப்பது குற்றமில்லை. யாரிடம் பேசுகிறோம் என்பதை மறந்துவிட்டுப் பெரிதாக நடித்தால்தான் கேமரா காட்டிக்கொடுத்துவிடும்.

சபா, கூத்து, நவீன நாடகம், எல்லாருக்கும் ஒரே பிரச்னைதானா?

இல்லவே இல்லை. 'நாடகத்தனம்' என்று ஒரே சொல்லில் அடைப்பது சோம்பேறித்தனம். மூன்று பேரும் மூன்று விதமாக மாட்டிக்கொள்கிறார்கள்.

சபாக்காரர்களின் பிரச்னை சிரிப்பு. ஜோக் சொன்னதும் ஒரு நொடி நிறுத்துவோம், சிரிப்பு ஏறி இறங்க ஆரம்பிக்கும்போது அடுத்த வசனத்தைப் பிடிப்போம். அது ரத்தத்தில் ஊறிய கணக்கு. ஷூட்டிங்கில் யாரும் சிரிக்க மாட்டார்கள், சிரித்தால் சவுண்ட் ரெக்கார்டிஸ்ட் முறைப்பார். அந்த இடைவெளி திரையில் வந்தால் வசனம் மறந்துபோய் விழிப்பது மாதிரி இருக்கும். அப்புறம் இன்னொன்று, மேலே தொங்கும் மைக்குக்குக் கீழே வந்து, உடம்பை முக்கால்வாசி சபைப் பக்கம் திருப்பிக்கொண்டு மனைவியிடம் பேசுகிற பழக்கம். வீட்டில் யார் அப்படி நின்று பேசுகிறார்கள்? கேமரா முன்னால் முதுகைக் காட்டக்கூட உங்களுக்கு உரிமை உண்டு. எனக்கு அந்த விடுதலை புரியவே ஆறு மாதம் ஆனது.

கூத்துக்காரர்களுக்கு உடம்பும் மூச்சும் தாளமும் மற்ற இருவரையும்விடக் கெட்டி. விடியவிடிய ஆடிய உடம்புக்கு ஒரு நாள் ஷூட்டிங் தூசு. மாட்டுவது இரண்டு இடத்தில். வசனத்தின் கடைசிச் சொல் தன்னால் ஒரு ராகத்தில் போய் இறங்கும், எடுத்துச் சொன்னாலும் அவர்கள் காதுக்கு அது கேட்காது. போனில் பதிவு செய்து போட்டுக் காட்டினால் உடனே பிடித்துவிடுவார்கள். இரண்டாவது, கதையை ஜனங்களுக்கு எடுத்துச் சொல்லும் கட்டியங்காரன் வேஷம் கட்டிப் பழகியவர்களுக்கு ஜனங்களைப் பார்த்துப் பேசுவதுதான் தொழில். அந்தக் கண் தானாக லென்ஸைத் தேடும். லென்ஸைப் பார்த்த அந்த நொடியே ஷாட் போச்சு.

நவீன நாடகக்காரர்களை, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், கெடுப்பது திட்டம். எந்தச் சொல்லில் கையைத் தூக்குவது, எந்த மூச்சில் உட்காருவது என்று எல்லாவற்றையும் செதுக்கி வைத்திருப்போம். கேமரா பக்கத்தில் வந்ததும் அந்தச் செதுக்கல் தெரிந்துவிடும். ஆனால் அந்தப் பயிற்சி வீண் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ந. முத்துசாமி 1977-ல் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவிலிருந்து வந்தவர்களை எண்ணிப் பாருங்கள்: பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம், விதார்த், விமல். விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதத்தான் சேர்ந்தார். இவர்களில் இரண்டு பேர் நடிப்பு ஒன்றுபோல் இருக்கிறதா? உடம்பைத் தயார் செய்துவிட்டு, கேமரா ஓடும்போது திட்டத்தைக் கைவிடத் தெரிந்தவர்கள்.

குளோசப்பில் முகத்தை என்னதான் செய்வது?

ஒன்றும் செய்யாமல் கேளுங்கள். எதிரில் இருப்பவர் சொல்வதை நிஜமாகவே காது கொடுத்துக் கேளுங்கள்.

சுமார் நூறு வருடத்துக்கு முன்னால் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற இயக்குநர் ஒரு சோதனை செய்தார். ஒரு நடிகரின் அதே முகத்தை, ஒரு முறை சூப் கிண்ணத்தோடும், ஒரு முறை சவப்பெட்டியோடும், இன்னொரு முறை ஒரு பெண்ணின் படத்தோடும் ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் பசி, துக்கம், ஆசை என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொன்றை அந்த ஒரே முகத்தில் படித்தார்கள். எடிட்டிங் பற்றிப் பேசும்போது இதைச் சொல்வார்கள், எனக்கு இது நடிகனுக்கான பாடமாகத்தான் தெரிகிறது. பார்க்கிறவர் தன் பங்குக்கு வேலை செய்யத் தயாராக வருகிறார். நாம் முகத்தில் எல்லாவற்றையும் எழுதி ஒட்டிவிட்டால் அவருக்கு வேலையில்லை.

மேடைக்காரர்கள் குளோசப்பில் தவறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். தந்தி வருகிறது, பிரிக்கிறோம், அம்மா இறந்த செய்தி. நாற்பது தடவை ஆடிய நாடகம் என்பதால் தந்தியைக் கையில் வாங்கும்போதே முகம் துக்கத்துக்குத் தயாராகிவிடும். பத்தாவது வரிசைக்கு அது தெரியாது. கேமராவுக்குத் தெரியும். அந்த ஆளுக்கு இன்னும் தெரியாத செய்தி உங்கள் முகத்துக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

கேட்பது எப்படி என்று பார்க்க டெல்லி கணேஷ் நடித்த எதையாவது போட்டு, அவர் பேசாத இடங்களை மட்டும் பாருங்கள். விமானப்படையில் இருந்தவர், காத்தாடி ராமமூர்த்தி குழுவில் மேடையேறியவர், 1977-ல் பாலசந்தரின் 'பட்டினப்பிரவேசம்' படத்தில் வந்தார். அடுத்தவர் பேசும்போது அவர் முகத்தில் ஓடுவதைப் பாருங்கள், வசனமே தேவையில்லை என்று தோன்றும். எடிட்டர் பாதி நேரம் கேட்பவர் முகத்தைத்தான் காட்டுவார். அதில் நீங்கள் உங்கள் அடுத்த வரிக்காகக் காத்திருந்தீர்கள் என்றால் அவர் எதிராளி முகத்துக்கே போய்விடுவார், உங்கள் பங்கு அவ்வளவுதான்.

ஒரு தொழில்நுட்ப விஷயமும் சொல்கிறேன். 85 எம்எம் லென்ஸ் போட்டு, அதன் திறப்பை எஃப் 2 என்று அகலமாக வைத்து, ஒன்றரை மீட்டர் தூரத்தில் உங்களை எடுத்தால், தெளிவாகத் தெரியும் ஆழம் சுமார் 4 சென்டிமீட்டர்தான். உணர்ச்சிவசப்பட்டு ஒரு சாண் முன்னால் சாய்ந்தால் முகம் முழுக்க மங்கிவிடும், ஃபோகஸைச் சரிசெய்துகொண்டே இருக்கும் உதவியாளர், அதாவது ஃபோகஸ் புல்லர், உங்களைச் சபிப்பார். சாய வேண்டும் என்றால் ரிகர்சலிலேயே சாய்ந்து காட்டிவிடுங்கள், அவர் பார்த்துக்கொள்வார். அதேபோல எதிராளியின் இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்க்காதீர்கள், பெரிய திரையில் கண் ஊசலாடுவது தெரியும். கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கிற அவரது ஒரு கண்ணை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

லுக், சஜஷன், மார்க் என்று ஏதேதோ சொல்கிறார்களே?

பயப்பட வேண்டாம், ஒரு நாளில் பழகிவிடும். 'லுக்' என்றால் நீங்கள் பார்க்க வேண்டிய திசை. எதிரில் ஆளே இல்லாமல் ஒரு லைட் ஸ்டாண்டில் டேப் ஒட்டி "சார், லுக் இங்க" என்பார்கள், அதைப் பார்த்துத்தான் காதலைச் சொல்ல வேண்டியிருக்கும். 'சஜஷன்' என்றால் உங்கள் தோளோ முதுகோ ஃப்ரேமின் ஓரத்தில் தெரிய, கேமரா எதிராளியைப் பார்ப்பது. "சஜஷன் கொடுங்க" என்றால் போய் நிற்க வேண்டும். முகம் தெரியாது என்று அந்த நேரத்தில் வசனத்தைக் கடமைக்கு ஒப்பிப்பவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள். அவர் நன்றாக நடிக்க நீங்கள் நன்றாகக் கொடுக்க வேண்டும், அடுத்த ஷாட்டில் அவர் உங்களுக்குக் கொடுப்பார்.

'மார்க்' என்றால் நீங்கள் வந்து நிற்க வேண்டிய இடம், தரையில் டேப் ஒட்டியிருப்பார்கள், வெளிப்புறம் என்றால் ஒரு கல்லோ குச்சியோ. குனிந்து பார்த்துவிட்டு நிற்கக் கூடாது. ஒரு வழி இருக்கிறது: மார்க்கில் முதலில் நின்றுகொண்டு, அங்கிருந்து பின்னாலேயே நடந்து வந்து அடிகளை எண்ணிக்கொள்ளுங்கள். ஐந்தடி என்றால் ஐந்தடி. ஷாட்டில் கால் தானாக அங்கே போய் நிற்கும். மேடையில் இருட்டில் மேசை மேல் இடிக்காமல் இடம் பிடித்தவர்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா.

'கட்' என்று சொல்லும் வரை வெளியே வராதீர்கள். வசனம் முடிந்ததும் "சரியா இருந்துச்சா சார்" என்று திரும்பிப் பார்ப்பது மேடைக்காரர்களிடம் நிறைய பார்க்கிறேன். வசனம் முடிந்த பிறகு வரும் அந்த இரண்டு நொடிதான் எடிட்டருக்குத் தங்கம்.

வரிசையாக எடுக்க மாட்டார்களாமே? அழுகை எப்படி வரும்?

மாட்டார்கள். லொக்கேஷன், நடிகர் தேதி, வெயில், வாடகை, இதையெல்லாம் வைத்துத்தான் வரிசை. எனக்கு ஒரு படத்தில் முதல் நாளே சாவுக் காட்சி, கல்யாணக் காட்சி இருபது நாள் கழித்து. நாடகத்தில் ஏழு மணிக்குத் திரை விலகினால் கதையே நம்மைத் தூக்கிக்கொண்டு போகும், கடைசிக் காட்சிக்கு வரும்போது அழுகை அதுவாகவே வந்து நிற்கும். அந்த வண்டி இங்கே கிடையாது.

நான் செய்வது சின்ன வேலை. ஒரு நாற்பது பக்க நோட்டு. என் காட்சிகளைக் கதை வரிசைப்படி எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு வரி: இந்தக் காட்சிக்குள் நுழையும்போது இவனுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது. எந்த உணர்ச்சி என்று எழுதவே மாட்டேன். 'மகள் ஓடிப்போனது தெரியும், யாரோடு என்று தெரியாது.' அவ்வளவுதான். ஷூட்டிங் அன்று காலை அந்த வரியைப் படித்தால் போதும். சின்னப் பாத்திரம் என்றால் முழு ஸ்கிரிப்ட் தர மாட்டார்கள், அப்போது உதவி இயக்குநரிடம் தனியாகப் போய் "தம்பி, இதுக்கு முந்தின சீன்ல எனக்கு என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொல்லிடுங்க" என்று கேளுங்கள். சொல்வார்கள். எந்த உதவி இயக்குநரும் தனக்குக் கதை தெரியும் என்று காட்டிக்கொள்ள மறுத்ததில்லை.

அழுகைக்குக் கிளிசரின் உண்டு. அதைப் பயன்படுத்துவதில் கேவலம் ஒன்றுமில்லை. எட்டாவது டேக்கில் நிஜக் கண்ணீர் வற்றிவிடும், அப்போது புரியும்.

வசனத்தைப் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டே இருக்கிறார்கள், எனக்குக் குழம்புகிறது.

ப்ராம்ப்டிங். நம் ஊர் ஷூட்டிங்கின் தனிச் சிறப்பு. டப்பிங் பிறகு செய்வதாக இருந்தால் உதவி இயக்குநர் ஒருவர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று வரி வரியாக எடுத்துக் கொடுப்பார், நடிகர் கேட்டுச் சொல்வார். மொழி தெரியாத நடிகர்களுக்கு அது உயிர்மூச்சு. வசனத்தை முழுசாக மனப்பாடம் செய்துவிட்டு வந்த நமக்கு அது காதில் கொசு. நாம் ஒரு சொல்லில் இருப்போம், அவர் அடுத்த சொல்லில் இருப்பார், இரண்டும் மோதி வாய் குழறும். மரியாதையாக முன்கூட்டியே "சார், எனக்கு மனப்பாடம், ப்ராம்ப்ட் வேண்டாம், மறந்தா கையைக் காட்டறேன்" என்று சொல்லிவிடுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், சந்தோஷம்தான் படுவார்கள். ஆனால் சொல்லிவிட்டு மறந்து நின்றால் மானம் போகும்.

ஒரு எச்சரிக்கை: ஸ்பாட்டில் வசனம் மாறும். நேற்றிரவு வந்த பக்கம் காலையில் கிழிந்திருக்கும். மேடையில் ஒரு மாதம் ஒத்திகை பார்த்தவர்களுக்கு இதுதான் பெரிய அதிர்ச்சி. ராகம் போட்டு மனப்பாடம் செய்தால் மாற்றும்போது உடைந்துவிடும், அதனால் தட்டையாக, மளிகைச் சீட்டு படிப்பது மாதிரி நெட்டுருப் போடுங்கள். ராகம் அங்கே, எதிராளி பேசுவதைக் கேட்டு வரட்டும்.

ஒத்திகையே கிடையாதா?

பெரும்பாலும் கிடையாது. லைட்டிங் நடக்கும்போது எதிராளியைப் பிடித்து நாமே ஓரமாக இரண்டு தடவை பார்த்துக்கொள்வதுதான்.

கன்டினியூட்டி என்றால் என்ன? ஏன் அதற்கு இவ்வளவு சண்டை?

ஒரே காட்சியை முதலில் தூரத்திலிருந்து முழுதாக எடுப்பார்கள், அதுதான் மாஸ்டர் ஷாட், அப்புறம் கிட்டே வந்து ஒவ்வொருவராக. முதல் தடவை 'உனக்கென்ன தெரியும்' என்ற சொல்லில் காபி டம்ளரை எடுத்தீர்கள் என்றால் கடைசி வரை அந்தச் சொல்லில்தான் எடுக்க வேண்டும், அதே கையால். இல்லையென்றால் இரண்டு ஷாட்டையும் ஒட்ட முடியாது. இதில் மேடைக்காரர்கள் ராஜா. எந்த வரியில் சால்வையை உதறுவது என்று வருடக்கணக்கில் பழகியவர்கள் நாம்.

ஆனால் சாப்பாட்டுக் காட்சியில் கவனம். என் முதல் சாப்பாட்டுக் காட்சியில், இயல்பாக நடிக்கிறேன் பேர்வழி என்று, மாஸ்டர் ஷாட்டில் ஒரு இட்லியை முழுசாகச் சாப்பிட்டேன். அதற்கப்புறம் ஒவ்வொரு ஆங்கிளுக்கும், ஒவ்வொரு 'ஒன் மோர்'க்கும் ஒரு இட்லி. பதினொன்று. மத்தியானம் பிரியாணி போட்டார்கள், தொடவில்லை. கூட நடித்த பெரியவர் சட்னியைத் தொட்டுத் தொட்டு விரலை மட்டும் நக்கிக்கொண்டு இருந்தார், எனக்கு அப்போது அதன் அர்த்தம் புரியவில்லை.

டப்பிங் பற்றிச் சொல்லுங்கள்.

இதில் நமக்குக் குரல் இருக்கிறது என்ற தைரியத்தோடு போய்த்தான் நான் அசிங்கப்பட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த இன்ஜினியர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு "சார், பக்கத்துத் தியேட்டர்ல ரெக்கார்டிங் நடக்குது" என்றார். மைக் ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது, அதுதான் உங்கள் கடைசி வரிசை. வயிற்றிலிருந்து மூச்சு வரட்டும், ஒலியைத் தள்ளாதீர்கள்.

உதடு அசைவைப் பிடிப்பது இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும். கஷ்டம் வேறு: மூன்று மாதம் முன்னால் வெயிலில் மூட்டை தூக்கிக்கொண்டு பேசியதை ஏசி அறையில் சும்மா நின்றுகொண்டு பேச வேண்டும். ஆகவே சும்மா நிற்காதீர்கள். மூச்சு வாங்கும் காட்சியென்றால் இருந்த இடத்தில் இருபது குதி குதித்துவிட்டுப் பேசுங்கள், படுத்திருக்கும் காட்சியென்றால் கழுத்தைச் சாய்த்துப் பேசுங்கள். சட்டை சரசரக்காத துணியாக இருக்கட்டும். 'விருமாண்டி' (2004) மாதிரி நேரடி ஒலிப்பதிவில் எடுத்த படங்களும் உண்டு, வெப் சீரிஸில் இப்போது அது சகஜம். அங்கே சட்டைக்குள் மைக் ஒளித்து வைத்திருப்பார்கள், நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதால் சவுண்ட்காரர் காது போய்விடும்.

சீரியல் செய்தால் நடிப்பு கெட்டுப்போகும் என்கிறார்களே?

சோறு போடும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பாதிப் பேர் வீட்டு வாடகை கட்டாதவர்கள். நான் செய்த சீரியலில் சில நாள் எட்டு சீன் வரை போகும். வசனத்தை உடனே பிடிப்பது, லுக், மார்க், கன்டினியூட்டி, எல்லாம் மூன்று மாதத்தில் உடம்பில் ஏறிவிடும், எந்தப் பட்டறையிலும் அவ்வளவு மணி நேரம் கேமரா முன்னால் நிற்க விட மாட்டார்கள். கெடுப்பது ஒன்று உண்டு: சீன் முடிவில் ஒவ்வொரு முகத்துக்கும் கேமரா போய் வரும்போது ஒரு 'ரியாக்‌ஷன்' வைத்துக்கொண்டே நிற்பது. இரண்டு வருடம் அதைச் செய்தால் சினிமாவில் சும்மா திரும்பினாலும் அந்த முகம் வந்துவிடும். தெரிந்தே செய்யுங்கள்.

காத்திருப்புதான் கொல்கிறது. எப்படிச் சமாளிப்பது?

காலை ஆறு மணிக்கு மேக்கப், முதல் ஷாட் சாயங்காலம் நாலு மணி. இது எனக்கு நடந்திருக்கிறது, ஒரு தடவை அல்ல. நாடகத்துக்கு முன் சைடு விங்கில் நிற்கும்போது உடம்பில் ஏறும் அந்தத் துடிப்பைக் காலையிலேயே ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தால் நாலு மணிக்குப் பழைய டயர் மாதிரி இருப்பீர்கள். அணைத்து வையுங்கள். தூங்க முடிந்தால் தூங்குங்கள், மேக்கப் கலையாமல் உட்கார்ந்தபடி தூங்குவது ஒரு கலை. "ஷாட் ரெடி" என்று ஆள் வந்து கூப்பிடுவதற்கும் கேமரா ஓடுவதற்கும் நடுவில் எப்படியும் பத்து நிமிடமாவது கிடைக்கும், உடம்பைச் சூடாக்க அது போதும். மதிய சாப்பாட்டை அரை வயிறாக வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சொல்வது எளிது.

ஆடிஷன் வீடியோ எப்படி அனுப்புவது?

போனைப் படுக்கை வாட்டில் வையுங்கள், அவர்கள் வேறு மாதிரி கேட்டாலொழிய. கண் மட்டத்துக்கு, புத்தகங்களை அடுக்கியாவது. பின்னால் வெறும் சுவர், ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், முதுகில் விழக் கூடாது. மார்பு வரை தெரிந்தால் போதும். முதலில் பெயர், வயது, உயரம், ஊர், பேசத் தெரிந்த வட்டார வழக்குகள், அப்புறம் இடது வலது பக்கம் திரும்பிக் காட்டுவது. எதிர் வசனத்தைப் படிக்க ஒருவரைப் போனுக்கு ஒட்டிப் பக்கத்தில் நிற்க வையுங்கள், அவரைப் பார்த்துப் பேசுங்கள்.

தயவுசெய்து உங்கள் நாடகத்தின் தனிமொழியை அனுப்பாதீர்கள். கை தட்டல் வாங்கிய பகுதிதான், எனக்குத் தெரியும், என்னிடமும் ஒன்று இருந்தது. அனுப்பிய நாலு இடத்திலும் பதில் வரவில்லை. நடிகர் தேர்வு செய்பவருக்குத் தெரிய வேண்டியது இந்த ஆள் இன்னொருவரிடம் சாதாரணமாகப் பேசினால் எப்படி இருப்பார் என்பதுதான். மதுரைக்காரரோ நாகர்கோவில்காரரோ, உங்கள் ஊர்ப் பேச்சிலேயே பேசுங்கள். அதை மறைத்துச் சென்னைத் தமிழ் பேசினால், அவர்கள் எதைத் தேடுகிறார்களோ அதையே நீங்கள் மறைத்த மாதிரி.

வாய்ப்புத் தருகிறேன் என்று பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கூடாது. ஆடிஷனுக்குக் கட்டணம், போட்டோ ஷூட் கட்டணம், 'ரெஜிஸ்ட்ரேஷன்', எந்தப் பெயரில் கேட்டாலும் கூடாது. நடித்தால் அவர்கள்தான் உங்களுக்குத் தர வேண்டும். நான் ஒரு தடவை கொடுத்தேன், அந்த அலுவலகம் இப்போது செல்போன் கவர் கடையாக இருக்கிறது. பெண்களுக்குக் கூடுதலாக ஒன்று: இடம், நேரம், யார் யார் இருப்பார்கள் என்று கேட்டுக்கொண்டு, துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள். அதற்கு முகம் சுளிக்கிறவரிடம் வேலை செய்ய வேண்டாம்.

மானிட்டரில் என் ஷாட்டைப் பார்க்கலாமா?

இயக்குநர் கூப்பிட்டால் பாருங்கள். ஆரம்பத்தில் பார்க்காமல் இருப்பது நல்லது, ஏனென்றால் நடிப்பைப் பார்க்க மாட்டீர்கள், தொப்பையைத்தான் பார்ப்பீர்கள், அடுத்த டேக் முழுக்க வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு நிற்பீர்கள்.

கேமராவுக்குப் பழகிவிட்டால் மறுபடி மேடை ஏற முடியுமா?

முடியும், ஆனால் சும்மா ஏறிவிட முடியாது. மூன்று வருடம் கழித்துப் பழைய குழுவில் ஒரு நாடகம் ஒப்புக்கொண்டேன். ரொம்ப நுணுக்கமாக நடிப்பதாக எனக்கு நினைப்பு, உள்ளுக்குள் அவ்வளவு ஓடிக்கொண்டிருந்தது. இடைவேளையில் வழக்கமாக வருகிற மாமி ஒருவர் பின்பக்கம் வந்து, "ஏன்பா, உடம்பு கிடம்பு சரியில்லையா? ஒண்ணுமே கேக்கலையே" என்றார். அவர் உட்கார்ந்திருந்தது ஐந்தாவது வரிசை. அடுத்த நாளிலிருந்து காலையில் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போய், அலைக்கு எதிரே நின்று வசனத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். நடைப்பயிற்சிக்கு வருபவர்கள் சற்று விலகித்தான் போனார்கள். இப்போதும் படம் எதுவும் இல்லாத மாதங்களில் போகிறேன்.